புதுப்பிப்பு: பழைய ஜெர்மன் குட்டிக் கார்களில் எதை வாங்குவது?

மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200-க்கு ரிவர்ஸே கிடையாது, அதனால் என் ஓட்டு பிஎம்டபிள்யூ இசெட்டாவுக்குத்தான் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு. தனி ரிவர்ஸ் கியர்தான் இல்லை. வண்டியை அணைத்துவிட்டு, சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தி ஸ்டார்ட் செய்தால் அந்த 191 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினே தலைகீழாகச் சுற்றும். நாலு கியரிலும் பின்னால் போகலாம், துணிச்சல் இருந்தால்!

ஆனாலும் ஓட்டு மாறவில்லை. இசெட்டா 1.6 லட்சம் வரை தயாரானது. உதிரி பாகத்துக்கு அவ்வளவாக அலைய வேண்டாம். முகப்பே கதவு என்பதால் கீல் தொய்ந்திருக்கிறதா, அடித்தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சுண்டாப் யானுஸ் என்ற இன்னொரு குட்டிக் காரை வாங்கலாமா என்று கேட்டவருக்கு: 1957-58-ல் மொத்தமே 6,902 வண்டிகள். பின்சீட்டுக்காரர் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போவார். அபூர்வம்தான், ஆனால் ஒரு கண்ணாடி உடைந்தால் அழ வேண்டியதுதான்.