ஐந்து பேர் போதும் என்று யார் சொன்னது?

அலைவரிசை:
ஊடகத் தொழில்நுட்ப வடிவமைப்பு ஆய்வைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. காணொளிச் செயலியில் சப்டைட்டில் பொத்தானை எங்கே வைப்பது என்பது அவருடைய ஆய்வு. "ஐந்து பயனர்களை வைத்துச் சோதித்தாலே 85 சதவீதக் குறைகள் வெளிவந்துவிடும், அதற்குமேல் ஆள் தேடுவது வீண்" என்கிறார். அந்த 85 எங்கிருந்து வந்தது? பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993இல் தந்த சூத்திரத்திலிருந்து. ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்பட 31 சதவீத வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொண்டால்தான் அது வரும். வாய்ப்பு 10 சதவீதம் என்றால் ஐந்து பேர் 41 சதவீதத்தோடு நின்றுவிடுவார்கள். 85ஐ எட்ட ஏறத்தாழ 18 பேர் வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முன்மாதிரி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ஐந்து பேரோடு கடையைக் கட்டச் சொல்லவில்லை. ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் போக வேண்டும். 15 பேர் கிடைத்தால் மூன்று சுற்றாகப் பிரியுங்கள் என்று நீல்சனே 2000இல் எழுதியிருக்கிறார். பாதியைப் படித்துவிட்டுப் பாடம் நடத்த வராதீர்கள்.

அலைவரிசை:
நேற்றைய உங்கள் பதிவில் "சுற்று" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இன்று எங்கிருந்து முளைத்தது? 2003இல் ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐவர் ஐவராக எடுத்துப் பார்த்தார். சராசரி என்னவோ 85தான். ஆனால் ஒரு குழு 55 சதவீதத்தைத் தாண்டவில்லை. உங்களுக்கு வாய்த்த ஐவர் அந்தக் குழுவைப் போன்றவர்கள் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

திரையோரம்:
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பொத்தான்தான் பிரச்சனை என்று யார் முடிவு செய்தது? காது சரியாகக் கேட்காத ஒரு பெண்மணி செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். பொத்தானை அவர் ஒரே தொடுதலில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பேசுபவரின் பெயர் வரும் பட்டையின் மேலேயே சப்டைட்டில் வந்து விழுந்தது. படத்தை நிறுத்தினார், சப்டைட்டிலை அணைத்தார், பெயரைப் படித்தார், மறுபடி இயக்கினார். அடுத்தவர் பேச வந்ததும் அதே வேலை. நான்காவது முறை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "பொத்தானைக் கண்டுபிடியுங்கள்" என்று பணி கொடுத்தால் இது 500 பேரிடம் சோதித்தாலும் தெரியாது. சிக்கலை வரையறுப்பதுதான் உண்மையான சிக்கல் என்பதைத் திட்டமிடல் அறிஞர்களான ரிட்டலும் வெப்பரும் 1973லேயே அழுத்திச் சொல்லிவிட்டார்கள்.

அலைவரிசை:
ஒரே ஒரு பெண்மணி! முன்மாதிரி ஐந்தைச் சொன்னார், நீங்கள் ஒன்றுக்கு இறங்கிவிட்டீர்கள். 31 சதவீதம் என்ற அனுமானத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

திரையோரம்:
நான் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. எதை எண்ணுகிறீர்கள் என்றுதான் கேட்டேன்.

நேர்கோடு:
"பிரச்சனை" தவறு, "பிரச்சினை" என்று எழுத வேண்டும். சொல்லையே சரியாக எழுதாதவர்கள் வரையறை பற்றிப் பேசுவது வேதனை.

முன்மாதிரி:
"சிக்கல்" என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது இரண்டும் எதற்கு?

நேர்கோடு:
குரல் தேடல் பற்றிய பழைய இழையிலும் இப்படித்தான் பேச்சைத் திருப்பினீர்கள். நேர்காணலுக்கும் கருத்தாய்வுக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதியதைச் சுட்டிக்காட்டினேன். அந்தக் கோபம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை.

முன்மாதிரி:
வேறுபாடு எனக்குத் தெரியும். முன்னூறு பேருக்குப் படிவம் அனுப்பிவிட்டு அதைக் கள ஆய்வு என்று சொன்னது நீங்கள்தான். அந்த இழை இன்னும் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

அலைவரிசை:
முன்னூறு பேரிடமாவது நேர்கோடு கேட்டார். உங்கள் ஐவர் யார்? உங்களோடு படிப்பவர்கள்தானே? நாள் முழுக்கச் செயலி வடிவமைப்பவர்களுக்குப் பொத்தான் தெரியாமல் போகுமா? நீல்சன்கூட, ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட பயனர் குழுக்கள் இருந்தால் ஒவ்வொரு குழுவையும் தனியாகச் சோதிக்கச் சொல்கிறார். காது கேளாதவர்கள் ஒரு குழு, முதியவர்கள் ஒரு குழு. அப்புறம் எங்கே இருக்கிறது உங்கள் ஐந்து?

முன்மாதிரி:
மூன்று பேர் உடன் படிப்பவர்கள். இரண்டு பேர் வெளியாட்கள். ஐவரும் பொத்தானைப் பத்து நொடிக்குள் தொட்டார்கள். என் வடிவமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

திரையோரம்:
தொட்ட பிறகு பார்த்தார்களா? சப்டைட்டில் எதன்மேல் விழுந்தது என்று ஒரு வரியாவது குறித்துவைத்தீர்களா?

முன்மாதிரி:
அது என் ஆய்வுக் கேள்வியில் இல்லை.

திரையோரம்:
அதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

அலைவரிசை:
பேச்சை மாற்ற வேண்டாம். 31 சதவீதம் என்பது அவர்கள் ஆராய்ந்த திட்டங்களின் சராசரி. உங்கள் செயலிக்கு அது பொருந்தும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.