சமூகக் கல்வி ஆசிரியராக வேண்டும்: ஒரு பாடத்தில் சிறப்புப் பட்டமா, மூன்று பாடத்தோடு பொதுப் பட்டமா?

தெல்லிப்பளை வாணி:
தங்கை யாழ் கம்பஸில் கலைப்பீடத்தில் முதல் வருடம் முடிக்கிறாள். புவியியல், வரலாறு, அரசறிவியல் படிக்கிறாள். 6 முதல் 11ஆம் தரம் வரை இந்தப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய விருப்பம். புவியியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய் என்கிறார் அப்பா. மூன்று பாடத்தையும் வைத்துக்கொண்டு மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வா என்கிறேன் நான். படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

நிலவரையான்:
தங்கச்சி, அப்பா சொல்வதுதான் சரி. ஒரு பாடத்தையாவது அடிவரை தெரிந்தவர்தான் வகுப்பில் துணிந்து நிற்க முடியும். தோட்டக் கிணறு ஏன் வரவர உவர்க்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடநூலில் உள்ள நீர் வட்டப் படம் போதாது. எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் இருக்கும் உவர்நீர் மேலேறி வரும். நிலாவரைக் கிணற்றிலேயே மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இதை விளக்கத் தெரியாதவர் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் பாடங்களைப் பிள்ளைகள் மனப்பாடப் பாடம் என்று வெறுப்பதற்கு அதுதான் காரணம்.

தீவகத்து ரீச்சர்:
நிலவரையான் அண்ணை பெரிய பாடசாலையை மனதில் வைத்துப் பேசுகிறார். யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள தீவுகளில், எங்கள் தீவகத்தில் வந்து பாருங்கள். சின்னப் பாடசாலையில் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றும் ஒருவர் தலையில்தான். இன்றுவரை 11ஆம் தர முடிவில் எழுதும் சாதாரண தரத்தில் வரலாறு எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயப் பாடம், மற்ற இரண்டும் தொகுதியில் தெரிவுப் பாடங்கள். புவியியல் சிறப்புப் பட்டத்தோடு வருகிறவருக்கு அதிபர் முதலில் கொடுப்பது எதை? வரலாற்றைத்தான்.

இன்னொன்று. இந்தப் பாடங்கள் ஒன்றையொன்று விட்டு நிற்கக் கூடியவை இல்லை. குடியியலில் சர்வசன வாக்குரிமை வருகிறது. 1931இல் பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியல் யாப்போடு 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. முழுச் சுயாட்சி தராத யாப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சொன்னது. வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதற்கு முன்னர், இன்று கம்பஸ் இருக்கும் இடத்தில் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவிய பொன்னம்பலம் இராமநாதன் எல்லோருக்கும் வாக்கு என்பதையே எதிர்த்தார். இதையெல்லாம் வைத்தால் 10ஆம் தரப் பிள்ளைகள் தாங்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடுவார்கள். வரலாறும் அரசறிவியலும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் அப்படி ஒரு வகுப்பு கைவரும்.

நிலவரையான்:
நல்ல உதாரணம், ரீச்சர். ஆனால் அது பொதுப் பட்டத்தில் கிடைத்ததா, உங்கள் சொந்த வாசிப்பில் கிடைத்ததா? மூன்று பாடத்தையும் மூன்று வருடத்துக்குள் ஓடி முடிக்கிற பிள்ளைக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் பயிற்சி இல்லை. வழுக்கையாற்றுப் பக்கம் மாரியில் போய், தண்ணீர் எங்கிருந்து வந்து அராலிப் பக்கம் இறங்குகிறது என்று தானே வரைந்து பார்த்தவருக்கு வருகிற பிடிப்பு வேறு. அப்படித் தேடப் பழகியவர் வரலாற்றையும் தேடிப் படித்துக்கொள்வார்.

கோப்பாய்ப் பெடியன்:
இரண்டு பேருமே படிப்பிக்கப் பழகுவதைப் பற்றிப் பேசவில்லையே. ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியற் கல்லூரியில் நாங்கள் இரண்டு வருடம் உள்ளே படித்து, மூன்றாம் வருடம் முழுக்கப் பாடசாலையில் கட்டுறுபயில்வு, அதாவது கற்பித்தல் பயிற்சி, செய்கிறோம். கம்பஸில் கலைமாணி முடித்தவர் பலர் நியமனம் கிடைத்த பிறகுதான் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் போகிறார்கள். அதுவரை வகுப்பில் 40 பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தீவகத்து ரீச்சர்:
தம்பி சொல்வது உண்மை. கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவுக்குப் பிறகு கல்விமாணிப் பட்டம் செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் கம்பஸுக்குள் வந்துவிட்ட பிள்ளையை அதை விட்டு அங்கே போகச் சொல்ல முடியாது. வாணி, இரண்டாம் வருடத்தில் கல்வியியலையும் ஒரு பாடமாக எடுக்க முடியுமா என்று தங்கையைப் பீடத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

தெல்லிப்பளை வாணி:
சரி ரீச்சர். வேலை விஷயம்தான் அப்பாவின் பயம்.

கச்சேரியடி:
அந்தப் பயம் நியாயமானது. 2017இல் வேலை கேட்டு யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டுப் போராட்டம் இருந்த பட்டதாரிகளில் நானும் ஒருவன். சிறப்புப் பட்டக்காரரும் பொதுப் பட்டக்காரரும் ஒரே பாயில்தான் இருந்தோம். 2020இல் அரசாங்கம் எடுத்த பட்டதாரிப் பயிலுனர்களில் பலர் பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளுக்கு வந்தார்கள். வகுப்பும் எடுத்தார்கள், ஆசிரியர் சேவைதான் கிடைக்கவில்லை. நிலவரையான் சொல்கிற ஆழத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆசிரியர் வெற்றிடம் பாடவாரியாகத்தான் வருகிறது. பட்டத்தில் வரலாறு இல்லாதவருக்கு வரலாற்று வெற்றிடத்துக்கு விண்ணப்பிப்பது கஷ்டம்.

நிலவரையான்:
வெற்றிடத்தைப் பார்த்துப் பாடம் தெரிவு செய்யத் தொடங்கினால் முடிவே இல்லை. 1972இல் எல்லாவற்றையும் சமூகக் கல்வி என்று ஒன்றாக்கினார்கள், பிறகு வரலாற்றைப் பிரித்தெடுத்துக் கட்டாயமாக்கினார்கள். நாளைக்கு வேறொரு சீர்திருத்தம் வரும். தங்கைக்குப் புவியியலில் உண்மையான பிடிப்பு இருக்கிறதென்றால் சிறப்புக்குப் போகட்டும், அப்பாவின் சொல்லுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

தீவகத்து ரீச்சர்:
அவள் கேட்டது 6 முதல் 11 வரை, அண்ணை, உயர்தரத்துக்கு இல்லை. பொதுப் பட்டம் போதும். மிச்சமாகும் ஒரு வருடத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம்.