ஆறாவது வாசல்: மாயவாசலை வருணிக்க எந்தச் சொற்களைத் தேர்வது?

கண்டனூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நெடுங்கதை எழுதி வருகிறேன். ஏழு அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. எட்டாவதில் மூன்று வாரமாக நிற்கிறேன்.

கதை நடப்பது எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றில். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசலுக்குள் வாசலாக நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் பின்தெருவின் வெயில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். மீனாள் என்ற பதினொரு வயதுப் பெண், பூட்டிக் கிடந்த அந்த வீட்டைத் திறந்து பெருக்க அப்பத்தாவோடு வருகிறாள். பொழுது போகாமல் வாசல்களை எண்ணுகிறாள். நேற்று எண்ணியபோது ஐந்து. இன்று ஆறு. அந்த ஆறாவது வழியாகப் போனால் பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரை. அவள் ஐயாவின் தகப்பனார் அங்கே வட்டிக்கடை வைத்திருந்த காலம்.

இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. அந்த வாசலை வருணிக்கத்தான் வரவில்லை. எழுதிப் பார்த்தது இது:

"நீல நிறத்தில் ஜொலிக்கும் மாயச் சுழல் ஒன்று மீனாளின் கண்முன் விரிந்தது. மர்மமான அந்த ஒளிவாயில் அவளை வா வா என்று அழைத்தது."

என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "கைப்பேசி விளையாட்டில் வருமே, அதுதானே அம்மா?" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நூறாண்டு பழைய வீட்டைக் கட்டி எழுப்பிவிட்டு, நடுவில் எங்கிருந்தோ ஒரு படத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறேன் என்று புரிந்துவிட்டது.

பெயரிலும் தடுமாற்றம்தான். மாயவாசல், மந்திரக் கதவு, ஒளிவாயில், பரிமாணக் கதவு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி அடித்திருக்கிறேன். போர்ட்டல் என்றே வைக்கலாம் என்றால், வீட்டுவரி கட்டும் இணையதளம்தான் நினைவுக்கு வருகிறது. நல்ல அடைமொழிகள் இருந்தால் சொல்லுங்கள். பழந்தமிழ்ச் சொல்லானாலும் சரி, பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும்.

ஏழாம்படி எழுதியது:

அக்கா, முதலில் "மாய", "மர்மமான" இரண்டையும் அடித்துவிடுங்கள். அது மாயம் என்று உங்களுக்குத் தெரியும். மீனாளுக்கு இன்னும் தெரியாது. அவளுக்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால், வாசிக்கிற பிள்ளை அவளோடு சேர்ந்து திடுக்கிட முடியாது.

ஆனால் வெளிச்சத்தை முழுக்க விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும். உங்களிடமே அது இருக்கிறது: தீப்பெட்டி அளவுப் பின்தெரு வெயில். மத்தியானம் இரண்டு மணிக்கு அது வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வேண்டும். அன்றைக்கு மட்டும் விடியற்காலை நிறத்தில், இளமஞ்சளாக இருக்கட்டும். வேறொன்றும் வேண்டாம்.

கண்ணை விட்டால் காது, தோல். அதற்கு நம்மிடம் இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கிறது. சிலுசிலு, கதகத, பிசுபிசு, குறுகுறு. பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியரே சொன்ன சொற்கள் இவை. ஒரு பத்திக்கு ஒன்று போதும், இரண்டானால் பாட்டாகிவிடும்.

தச்சன் மகன் எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். எனக்குக் கதை எழுதத் தெரியாது. ஆனால் அப்பா செய்த வாசல் நிலைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தேன், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் அடைமொழி கேட்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது மரம் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கதவு எதனால் ஆனது? உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளின் நிலையும் கதவும் தூணும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அப்படியானால் அது ஏன் ஐராவதிக் கரைக்குத் திறக்கிறது என்று விளக்கவே தேவையில்லை. அந்த மரம் அங்கிருந்து வந்தது.

வந்த விதத்தையும் கேளுங்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் காட்டிலேயே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு ஆழமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். காய்ந்த பிறகு சாய்த்து, யானையை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் தள்ளுவார்கள். கீழே ஆற்றில் தெப்பமாகக் கட்டி இரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள். நின்றபடியே செத்து, நடந்து, மிதந்து, கடல் தாண்டி வந்த மரம் உங்கள் வீட்டு வாசலில் மறுபடி நிற்கிறது. இதை விட்டுவிட்டு நீலச் சுழலை ஏன் தேடுகிறீர்கள்?

இன்னொன்று. மழைக்காலத்தில் மட்டமான மரக் கதவு ஊறி நிலையைப் பிடித்துக்கொள்ளும். தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். தேக்கு அப்படிச் செய்யாது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு, எளிதில் ஊறாது. அதற்காகத்தான் அதற்கு அந்த விலை. இப்போது நினைத்துப் பாருங்கள்: அக்கினி நட்சத்திர மத்தியானம், ஊரே காய்ந்து கிடக்கிறது, தேக்குக் கதவு ஒன்று ஊறி உப்பி இறுகியிருக்கிறது. என் அப்பா அதைத் தொட்டிருந்தால் கையை வெடுக்கென்று எடுத்திருப்பார். அந்தப் பக்கம் மழை பெய்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கும்.

சொற்களும் தருகிறேன். கதவைத் தாங்கும் சட்டம் நிலை. இருபக்கமும் நிற்பது நிலைக்கால். பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி இருக்கும், அது குழியில் உட்கார்ந்து சுழலும். அந்தக் குடுமி எழுப்பும் சத்தம் கதவுக்குக் கதவு வேறு. எங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவு திறக்கிறது என்று படுக்கையில் இருந்தே சொல்லிவிடுவேன். மீனாளுக்கும் ஐந்து கதவுகளின் சத்தம் பழகியிருக்கட்டும். ஆறாவது சத்தம் அவளுக்குப் புதிதாகக் கேட்கட்டும்.

கோட்டைக் கதவிலும் கோயில் பெருங்கதவிலும் ஆள் குனிந்து போக ஒரு சிறு கதவு இருக்குமே, அது திட்டிவாசல். கதவுக்குள் கதவு. உங்களுக்கு எங்காவது உதவலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தச்சன் மகன் சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை, தம்பி. இந்த வேலையை நம் பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் காட்டுகிறேன்.

சிலப்பதிகாரத்தில், காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழியில் திருமால்குன்றத்துப் பிலம் ஒன்று வருகிறது. பிலம் என்றால் மலைக்குகை, பாதாளவழி. சிலம்பாற்றங்கரையில், கோங்க மரத்தடியில் ஒருத்தி தோன்றிக் கேள்வி கேட்கிறாள். விடை சொன்னால் கதவைத் திறக்கிறாள். உள்ளே என்ன? இடைகழிகளோடு கூடிய பல புதவங்கள், அப்புறம் ஓர் ஒட்டுப்புதவம், அதாவது இரட்டைக் கதவு. அவ்வளவுதான். புதவமும் இடைகழியும் அன்றாட வீட்டுச் சொற்கள். தஞ்சைப் பக்கத்தில் ரேழி என்பார்களே, அதுதான் இடைகழி. வீட்டுச் சொல்லை மலைக்குள் கொண்டுபோய் வைத்ததும் முதுகு சில்லிடுகிறது. அந்தப் பிலத்துக்குள் கோவலனும் கண்ணகியும் போகவே இல்லை, கவுந்தியடிகள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். ஆனாலும் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அந்தக் கதவுகள் கண்ணுக்குள் நிற்கின்றன.

அடுத்தது நெடுநல்வாடை. அரண்மனை வாயிலின் உயரத்தை நக்கீரர் யானையை வைத்து அளக்கிறார்: வெற்றிக் கொடியோடு யானை உள்ளே புகலாம். நிலையில் நெய் பூசி வெண்சிறுகடுகை அப்பியிருக்கிறார்கள் என்கிறார். அந்த ஒரு வரியில் வாசலை மோந்தும் தொட்டும் பார்த்துவிடுகிறோம். மீனாளின் கை அந்த நிலைக்காலில் படட்டும் அம்மா. என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள்.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று திறக்கும் வாசலைச் சொர்க்கவாசல் என்று ஊர் சொல்கிறது. கூட்டத்தில் நெருக்கியடித்து அதன் வழியே போகிறவர்கள் யாரும் அதற்கு அடைமொழி தேடுவதில்லை. உங்கள் வாசலுக்கும் மீனாள் என்ன சொல்கிறாளோ அதுதான் பெயர்.

கண்டனூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஒன்றரை மணி வரை உட்கார்ந்து மாற்றி எழுதினேன். தச்சன் மகன் அண்ணா, நின்றபடியே காய்ந்த மரத்தைப் பற்றி வாசித்துவிட்டு, எங்கள் வீட்டு நிலைக்காலில் கொஞ்ச நேரம் கை வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் அதன் மேல் சாய்ந்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை அது எங்கிருந்து வந்தது என்று.

"மீனாள் மறுபடி எண்ணினாள். ஆறு. கடைசிக் கதவு மட்டும் வரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வெளியே கல் வெடிக்கும் வெயில். இந்த மரம் மட்டும் ஊறிப்போய் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. குடுமி முனகியது. அவளுக்குத் தெரியாத முனகல். விரற்கடை இடுக்கு வழியே சிலுசிலுவென்று காற்று வந்து கணுக்காலில் பட்டது. எங்கோ மரத்தோடு மரம் இடித்துக்கொண்டது. வலது கால் ஆத்தங்குடிக் கல்லில் இருந்தது. இடது காலைத் தூக்கி வைத்தாள். ஈர மணல் விரலிடுக்கில் பிதுங்கியது."

மகள் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் வலது கால்?" என்றாள்.

பெயர் "ஆறாவது" என்றே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது, கேளுங்கள். வாசற்படியில் நின்று எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று அப்பத்தாமார் அதட்டுவார்களே! கதையின் தொடக்கத்திலேயே அப்பத்தா அதைச் சொல்லி மீனாளைத் திட்டியிருக்கிறாள். இப்போது அவள் ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக நிற்கிறாள். மணலில் ஒருவர் நடந்து வருகிறார். முகம் புகைப்படத்தில் பார்த்த முகம். கையில் துணியில் முடிந்த ஏதோ ஒன்றை அவளிடம் நீட்டுகிறார்.