குன்னூரிலிருந்து ஒரு வியாபாரி எம்.பி. ஆனால் தேயிலைக்கு விடிவு வருமா?

குன்னூர் டஸ்ட்:
பச்சைத் தேயிலை விலைக்காகப் பேச நம் மலையிலிருந்து ஒரு வியாபாரியே டெல்லிக்குப் போக வேண்டும் என்பது என் வாதம். ஹெச். வசந்தகுமாரைப் பாருங்கள். அகஸ்தீஸ்வரத்துக்காரர். வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்துவிட்டு 1978-ல் வீட்டு உபயோகப் பொருள் கடையான வசந்த் அண்ட் கோ தொடங்கினார். 2006, 2016 இரண்டு முறை நாங்குநேரி எம்.எல்.ஏ. 2014-ல் கன்னியாகுமரியில் பொன். ராதாகிருஷ்ணனிடம் தோற்று, 2019-ல் அவரையே தோற்கடித்து எம்.பி. ஆனார். கல்லாவில் உட்கார்ந்தவருக்கு எங்கே காசு புழங்குகிறது, எங்கே வறண்டு கிடக்கிறது என்று தெரியும். நாலு, நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்ற கணக்கும், இலை குவிகிற மாதத்தில் தூள் ஏல விலை ஏன் சரிகிறது என்பதும் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற ஆளுக்கு எப்படிப் புரியும்? இலையை வாங்கித் தூளாக்குகிற ஃபேக்டரி நடத்தும் ஒருவரை நிறுத்துங்கள்.

கோத்தகிரி மண்டி:
யாரை நிறுத்துவது? நீலகிரி 2009 தேர்தலிலிருந்து பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. படுகர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் இங்கே மக்களவைக்கு மனு போட முடியாது. தோடர், கோத்தர் பழங்குடி என்பதால் அவர்களும் முடியாது. ஆறு சட்டமன்றத் தொகுதியில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றுதான் மலை. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் கீழ்நாட்டு ஓட்டு. அங்கே போய் ஏல விலையைப் பேசினால் யார் காதில் விழும்?

அதைவிடப் பெரிய சிக்கல்: ஃபேக்டரிக்காரர் இலையை விற்பவர் அல்ல, வாங்குபவர். தூளின் ஏல சராசரியை வைத்து மத்திய அரசின் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற குறைந்தபட்ச விலையை வாங்கித் தரச் சொல்லித்தான் சிறு விவசாயி போராடுகிறார். அந்த விலை ஒரு ரூபாய் ஏறினால், நாலரை கிலோ கணக்கில் தூளுக்கு நாலரை ரூபாய் ஃபேக்டரியின் செலவில் ஏறும். அவரையே நம் வக்கீலாக அனுப்பச் சொல்கிறீர்கள்.

குன்னூர் டஸ்ட்:
தனித்தொகுதி என்றால் வியாபாரியே கிடைக்க மாட்டாரா அண்ணா? பட்டியல் சாதியில் கடைக்காரர், லாரிக்காரர், தேயிலை வியாபாரி எல்லாரும் இருக்கிறார்கள். கட்சிகள்தான் அவர்களைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு மாநிலங்களவை இருக்கிறது. ஆறு இடத்துக்குத் தேர்தல் வந்தால் 34 எம்.எல்.ஏ. ஓட்டில் ஒரு இடம். வாங்குபவர் என்கிறீர்கள், ஈரத்துக்கு எவ்வளவு எடை கழிக்கிறார்கள், இலை ஏஜெண்ட் கமிஷன் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் வாங்குகிற பக்கம் இருந்தவருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

பூம்பாறைப் பூண்டு:
கொடைக்கானல் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊர் பழனி சட்டமன்றத் தொகுதி, திண்டுக்கல் மக்களவை, பொதுத்தொகுதி. யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் வியாபாரிகள் கோட்டை விடுவது காகிதத்தில்தான்.

டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. அங்கீகாரம் பெற்ற கட்சி என்றால் முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்து பேர், அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர். சொத்து, வழக்கு விவரம் தருகிற படிவம் 26-ல் ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். தேர்தல் அதிகாரி கேட்டும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மனு போடுவதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்தாக வேண்டும். ஒரே ஆளுக்குத் தேர்தல் முழுக்க ரொக்கமாக 10,000-க்கு மேல் கொடுக்கக் கூடாது. கடைப் பழக்கத்தில் கல்லாவிலிருந்து அள்ளிக் கொடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். மொத்தச் செலவு வரம்பு 95 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு தராவிட்டால் மூன்று வருடத் தகுதி நீக்கம் வரை போகும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவையும் மறக்காதீர்கள். மத்திய அரசோடு சரக்கு சப்ளை ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் எம்.பி. ஆகத் தகுதி இல்லை. வெலிங்டன் ராணுவ மையத்துக்குக் காய்கறி சப்ளை எடுத்தவர் மனுவுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். சரக்கைக் கொடுத்து முடித்து பணம் மட்டும் பாக்கி என்றால் தடை இல்லை. மாநில அரசு ஒப்பந்தம் எம்.எல்.ஏ.வுக்குத்தான் இடிக்கும், எம்.பி.க்கு அல்ல.

கோத்தகிரி மண்டி:
ஜெயித்த பிறகு? மாநிலங்களவையில் உறுப்பினரின் தொழில் தொடர்புகளைப் பதியப் பதிவேடு இருக்கிறது. மக்களவையில் அப்படி ஒன்று இல்லை. 90 நாளில் சொத்துக் கணக்கு கொடுத்தால் போதும். சொந்த ஆதாயம் உள்ளவர் போட்ட ஓட்டை 371-வது விதிப்படி ஆட்சேபிக்கலாம். ஆனால் ஓட்டெடுப்பு வரைக்கும் போகிற தேயிலை விவகாரம் எத்தனை?

வசந்தகுமார் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். எம்.பி. ஆனதும் நாங்குநேரியை விட்டார், ஐந்து மாதத்தில் இடைத்தேர்தல். 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி நிறுத்தப்பட்டது. அந்த ஆகஸ்ட் 28-ல் கொரோனாவிலேயே இறந்துவிட்டார். வருடத்துக்கு ஐந்து கோடி என்ற நிதி அவர் கையில் ஒரு வருடம்கூட ஒழுங்காக இருக்கவில்லை. அதை வைத்து வியாபாரி எம்.பி.யை எப்படி எடை போடுவது?

குன்னூர் டஸ்ட்:
நிதியை விடுங்கள், எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். நான் சொல்கிற வேலை வேறு. தேயிலை வாரியத்தில் எம்.பி.க்களுக்கு மூன்று இடம், இரண்டு மக்களவைக்கு. அதில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சபையில் கேட்கப் பதினைந்து நாள் முன்னதாகக் கேள்வி கொடுக்க வேண்டும். அதுவும் 'விலை ஏற்றப்படுமா' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். 'கடந்த மூன்று ஆண்டில் அறிவித்த விலைக்குக் கீழே கொடுத்த எத்தனை ஃபேக்டரி மேல் நடவடிக்கை?' என்று எண்ணைக் கேட்டால் அமைச்சகம் எண்ணைத் தந்தாக வேண்டும். இப்படிக் கேட்கத் தொழில் தெரிந்தவர் வேண்டாமா?

கோத்தகிரி மண்டி:
அந்தக் கேள்வியை ஃபேக்டரிக்காரரே கேட்பார் என்றால் மறுப்பில்லை. ஒரு நிபந்தனை: நிற்பதற்கு முன் ஃபேக்டரிப் பங்கை விற்றுவிட வேண்டும்.

குன்னூர் டஸ்ட்:
விற்கச் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள். வாரியம் அறிவித்த விலை, தான் கொடுத்த விலை இரண்டையும் மாதாமாதம் ஃபேக்டரி வாசல் கேட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

பூம்பாறைப் பூண்டு:
ஈரத்துக்குக் கழித்த எடையையும் சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள். விலையைச் சரியாகக் காட்டிவிட்டு எடையில் எடுத்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி மண்டி:
மூன்றும் இருந்தால் பேசலாம்.