சீருடையில் வந்தவர் கை நீட்டியபோது

போன வருடம், எங்களைப் போன்ற தன்பாலீர்ப்பாளர்கள் நடக்கும் வானவில் பேரணி. முழக்கம் போட்டுத் தொண்டை கட்டிவிட, ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சீருடையோடு அணிவகுத்து வந்த ஒரு காவலர் சிரித்தபடி கை நீட்டினார். மணிக்கட்டில் வானவில் நாடா. என் கை எழவே இல்லை.

பத்தொன்பது வயதில், பூங்காவில் தோழியோடு உட்கார்ந்திருந்த என்னை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய், "வீட்டுக்குப் போன் போடட்டுமா?" என்று விடிய விடிய மிரட்டியதும் இதே சட்டைதான். அந்த ஆள் இவர் இல்லை, தெரியும். ஆனால் கண் முகம்வரை போகவில்லை, பித்தானிலேயே நின்றுவிட்டது. "பரவாயில்லம்மா" என்று நகர்ந்தார். அவர் முகம் இன்றும் நினைவில் இல்லை.

1969 ஜூன் 28 அதிகாலை, நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்ததை எதிர்த்து நின்றவர்களின் நினைவாக மறு வருடம் கிளம்பியதுதான் இந்தப் பேரணி. காவலர்கள் தாராளமாக வரட்டும், சீருடை மட்டும் வேண்டாம். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

பதில்:
அக்கா, நான் காவல்துறையில் இருக்கும் தன்பாலீர்ப்பாளன். உடை மாற்றும் அறையில் கேட்ட கேலிக்குக் கணக்கில்லை. முதல்முறை சீருடையோடு நடந்த அன்று ஒரு பையன் ஓடிவந்து, "நீங்களும் நம்ம ஆளா?" என்றான். சாதாரண சட்டையில் போயிருந்தால் கேட்டிருப்பானா? ஸ்டோன்வாலுக்காக 2019ல் நியூயார்க் காவல் ஆணையர் மன்னிப்புக் கேட்டார். 2021ல் அங்கே பேரணி நடத்துபவர்கள் சீருடைக் காவலர்களுக்கு இடமில்லை என்றார்கள். படித்தபோது வலித்தது. வேலையிடத்தில் நான் 'அந்த மாதிரி ஆள்', பேரணியில் போலீஸ். ஆனால் நீங்கள் சொன்ன அந்தப் பித்தானுக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில்:
சிட்னியில் 1978ல் மார்டி கிரா என்ற தன்பாலீர்ப்பாளர் ஊர்வலம் முதல்முறை நடந்தபோது 53 பேரைக் கைது செய்தார்கள். பெயர், முகவரியெல்லாம் நாளிதழில் வந்து வேலை இழந்தவர்கள் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2016ல்தான். 2024ல் அங்கே காவலர்கள் சீருடை இல்லாமல் நடந்தார்கள். எனக்கும் அப்படி ஒரு அனுபவம். பதாகையின் மறுமுனையை இரண்டு மணி நேரம் பிடித்து வந்த பெண், கலையும்போதுதான் தான் போலீஸ் என்றாள். அதற்குள் அவள் தண்ணீர் பாட்டிலில் நான் பாதி குடித்திருந்தேன்.

பதில்:
தம்பி, அந்தப் பையன் கேட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ சீருடையில் வந்தால் எதிர்த்துக் கத்த மாட்டேன். கை மட்டும் எழாது. சாதாரண சட்டையில் வந்தால் என் பக்கத்திலேயே நட.