பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களில் வேலை செய்பவர்களிடம் ஒரு கேள்வி

வணக்கம் உறவுகளே. கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வருகிறார். அவர்களைப் பாசிக்குடா, அறுகம்பே கடற்கரைகளுக்குக் கூட்டிப்போகிறேன். கனடாவில் உணவகங்களில் 15, 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழமையாம். இங்கே எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

பெரிய ஹோட்டல்களில் 10 சதவீத சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அது ஊழியர்களுக்குப் பகிரப்படும் என்பார்கள். ஆனால் அறை துப்புரவு செய்யும் அக்காவுக்கும், உள்ளே பாத்திரம் கழுவும் தம்பிக்கும் உண்மையில் எவ்வளவு போய்ச் சேருகிறது? அங்கே வேலை செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கண்ணில் படாதவர்களை விட்டுவிட்டு, சாப்பாடு பரிமாறியவருக்கு மட்டும் கொடுத்து வருவது நியாயமாகத் தெரியவில்லை. காசை அறையில் வைத்துவிட்டு வந்தால், எடுத்தால் திருட்டுப் பழி வருமோ என்று அவர்கள் அஞ்சுவார்களா? கையில் கொடுப்பதுதான் நல்லதா?

அறுகம்பேக்குப் பக்கத்திலுள்ள பொத்துவில் களப்பில் படகு வலிப்பவர்களுக்கும் ஓட்டோக்காரருக்கும் பேசிய கூலிக்கு மேல் கொடுக்கலாமா? அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலம் ஒக்டோபரோடு ஓய்ந்துவிடும்; பிறகு அவர்களுக்கு வருமானம் குறைவு. அதனால் கொடுக்கத்தான் விரும்புகிறேன். கனடா நாணயக் குற்றிகளை வங்கியில் மாற்ற முடியாது என்பதால் ரூபாய்த் தாளாகவே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கவலை: வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அள்ளிக் கொடுத்தால், அடுத்து வரும் உள்ளூர்க் குடும்பத்தைக் கவனிப்பார்களா?

பொருத்தமான தொகையைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் புறப்படுகிறோம்.