மறு: ‘இரும்பிருப்பு’ – கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

இரத்தசோகையைக் கண்டறியும் வழிகாட்டுநெறியைக் கிராமச் செவிலியர்க்கும் ஆய்வகத்தார்க்கும் தமிழில் தருவதில், உடலில் இருப்பாக உள்ள இரும்புக்குச் சொல் இல்லாத இந்த ஓரிடம்தான் முட்டுக்கட்டையாக நிற்கிறது; அதற்குத்தான் ‘இரும்பிருப்பு’ என்று முன்மொழிந்தேன். நேற்று வந்த மறுப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

> ஃபெரிட்டினுக்கே ‘இரும்பிருப்பு’ என்று பெயரிட்டால் ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடுமே?

முடியாது, அம்மா. ஃபெரிட்டின் ஒரு புரதம். உடலில் இருக்கும் இரும்பை அது காட்டும். ஆனால் எப்போதும் உள்ளபடி காட்டாது. தொற்றோ அழற்சியோ இருந்தால், இருப்பு வற்றிக் கிடக்கும்போதே இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு நெறி, நலமாக உள்ள பெரியவர்க்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவர்க்கு 70க்குக் கீழ் என்றும் இரும்புக் குறைவுக்கு இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. முடிவுச் சீட்டில் ‘இரும்பிருப்பு 40’ என்று அச்சிட்டால், காலில் ஆறாத புண்ணோடு வந்தவரைக் குறையில்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஃபெரிட்டின் ஃபெரிட்டினாகவே இருக்கட்டும். கல்லீரலிலும் எலும்பு மச்சையிலும் உள்ள இரும்புக்கே ‘இரும்பிருப்பு’.

இந்தச் சொல் ஏன் வேண்டும்? மன்னார்குடிப் பக்கம் எல்லாவற்றுக்கும் ‘ரத்தம் கம்மி’ என்ற ஒரே பேச்சுதான்; அது ஹீமோகுளோபினை மட்டுமே குறிக்கிறது. நடவுக்கு வரும் ஒரு பெண் முந்தானையில் பச்சரிசி முடிந்துவைத்து ஓயாமல் மெல்லுகிறார். இரண்டு நாற்று முடி நடுவதற்குள் சோர்ந்து வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். சோதித்தால் ஹீமோகுளோபின் 12.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் சோகை என்று கணக்கு; ‘ரத்தம் இருக்கிறது, போய் வாருங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். உலையில் அரிசி வேகிறது, பத்தாயத்தில் நெல் இல்லை. அவர் நிலை அதுதான். முதலில் வற்றுவது இருப்பு, ஹீமோகுளோபின் இறங்குவது அதன் பிறகே. பச்சரிசி மெல்லும் பழக்கத்தைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவதை விட்டு, ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லச் செவிலியருக்கு ஒரு சொல் வேண்டாமா?

மறுபக்கமும் உண்டு. தலசீமியாக் கூறு (ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் மரபுக் கூறு) உள்ளவருக்குச் சிவப்பணு சிறுத்து, ஹீமோகுளோபினும் சற்றுக் குறைந்திருக்கும். இருப்போ குறையாமல் இருக்கலாம். அவருக்கு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்துப் பயனில்லை. ‘இருப்பு குறையாத சோகை’ என்று எழுத முடிந்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். அதேபோல், ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இருப்பு வற்றியிருந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் இரைப்பையிலும் குடலிலும் இரத்தக் கசிவைத் தேட வேண்டும் என்பதையும் எளிதாகச் சொல்லலாம்.

சோகை வராமல் இருப்பு மட்டும் குறைந்த நிலைக்கு முன்பு ‘இருப்புக்குறைவு’ என்றேன். ‘எதன் இருப்பு?’ என்று ஓர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இருப்புப்பாதை, இருப்புலக்கை என்னும் தொடர்களில் இருப்பு என்பதே இரும்புதானே? இரும்பின் குறைவு, கையிருப்பின் குறைவு என எப்படிப் பிரித்தாலும் நோயைச் சரியாகவே சொல்கிறது. இதை விட எனக்கு மனமில்லை.

‘சேமிப்பு’ வேண்டாம். அது நாமாக மிச்சம்பிடிப்பது.

இரத்தத்தில் இரும்பைச் சுமந்துசெல்லும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் எந்த அளவுக்கு இரும்பை ஏற்றியிருக்கிறது என்ற விழுக்காட்டுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘சுமைநிறைவு’ என்று எழுதிப் பார்த்தேன்; கொஞ்சம் கனமாக இருக்கிறது. மேலானது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.